பின்வாங்குவதற்கு எத்தனை வார்த்தை

என் கணவருக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் மீது இருந்த பிரியத்தில் பாதி என் மீது இருந்திருந்தால் நான் அதிர்ஷ்டக்காரி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்த நாள் உண்டு, அகராதி புரட்டாத நாள் கிடையாது. அவர் ரயிலில் கார்டு வேலை பார்த்தார். நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள். அதனால் எங்கள் சண்டைகள் இரண்டு பாஷையிலும் நடக்கும்.

1942 ஜனவரியில் ஜப்பான்காரன் வடக்கிலிருந்து இறங்கி வர, சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் தெற்கே போய்க்கொண்டே இருந்தன. வடக்கே போனவை காலியாகப் போயின. பத்திரிகை இதை ‘வித்ட்ராயல்’ என்று எழுதியது. நான் ஓட்டம் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சோற்றில் கை வைத்தபடியே விளக்க ஆரம்பித்தார். ‘ரிட்ரீட்’ என்றால் எதிரி தள்ளித் தள்ளிப் பின்னால் போவது. ‘வித்ட்ரா’ அப்படி இல்லை, தானே யோசித்து விலகுவது, விலகினவன் திரும்பி வருவான். ‘ரிட்டயர்’ என்பதைப் பட்டாளத்தில் சொன்னால் பென்ஷன் இல்லை. வரிசை கலையாமல், துப்பாக்கியைத் திருப்பாமல் பின்னால் நகர்வது. ‘ரிசீட்’ என்பது கிள்ளான் ஆற்றுத் தண்ணீருக்கு, யாரும் தள்ளாமல் தானாக இறங்குவது. இவ்வளவும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டே போகும் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க தலைமுடி இதுல எதைப் பண்ணுது?” என்று கேட்டேன்.

கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். அந்த மாதம் அவர் சிரித்து வேறு எப்போதும் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தார். அதை நான் சொன்னேன். துரைமார் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், நாய்கள் எல்லாம் சிங்கப்பூருக்கு ‘இவாக்குவேட்’ செய்யப்பட்டார்கள். எங்கள் வரிசை வீடுகளில் ஒருத்திக்கும் அந்த வார்த்தை கிடைக்கவில்லை. அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரமே கேரி தீவிலிருந்து என் அண்ணன் வந்தார். அங்கே எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. இரண்டு பேரும் தீவுக்கு வந்துவிடுங்கள், ஆற்றைத் தாண்டி அங்கே யார் தேடி வரப்போகிறார்கள் என்றார். என் கணவர் மறுத்துவிட்டார். அவருடைய மேலதிகாரி காரில் சாமானை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, நாங்கள் வித்ட்ராதான் செய்கிறோம், நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லியிருந்தாராம். அந்தத் துரை சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார் இவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அகராதியை அடுப்பில் போட்டிருப்பேன். போடவில்லை, அது என் கான்வென்ட் பரிசு.

ஜப்பான்காரன் வந்தான். கொஞ்ச நாளில் அதே ரயில்கள் அதே ஆட்களோடு ஓடத் தொடங்கின. என் கணவர் வழியில் நிற்கும் காவல்காரனுக்கெல்லாம் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தார். ஒரு நாள் சரியாகக் குனியவில்லை என்று கன்னத்தில் அறை வாங்கி வந்தார். மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, இன்னும் இங்கிலீஷ் வார்த்தைகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார். வாயைக் கட்டுங்கள், சுவருக்கும் காது இருக்கிறது என்று நான் கெஞ்சுவேன்.

மறு வருஷம் சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். தோட்டத்து ஜனங்களை லோரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், போனவர்களில் ஒருவரும் திரும்பக் காணோம் என்று பாசாரில் பேச்சு. பிறகு ரயில்வேக்காரர்களின் முறை வந்தது. என் கணவருக்கும் புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது.

அண்ணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கெஞ்சவே வந்திருந்தார். தீவின் ஓரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் ஏற்கெனவே சிலர் ஒளிந்திருக்கிறார்கள், சம்பான் படகு ஏற்பாடு செய்தாயிற்று, கிள்ளான் வரைக்கும் வந்தால் போதும் என்றார்.

என் கணவர் தலையை ஆட்டினார். “ஓடி ஒளிஞ்சா அதுக்குப் பேரு வித்ட்ரா இல்ல மச்சான். டெசர்ட். நான் ரயில விட்டுட்டு ஓடுனவன்னு பேரு வாங்கமாட்டேன்.”

“அது யாரு ரயிலு? உயிரோட இருந்தா என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கிடலாம். நான் கூப்பிடறேன் அந்தப் பேரச் சொல்லி,” என்றேன்.

அவர் போகாவிட்டால் எங்கள் வரிசையில் வேறு ஒருவனைப் பிடிப்பார்கள் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டில் நான்கு பிள்ளைகள். அவர் புறப்பட்ட காலையில் நான் அவரோடு பேசவில்லை. துணிப்பையில் கருவாடும் ஒரு கம்பளியும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அந்த அளவுக்கு என் கணவர் சொன்னது சரிதான். சயாம் போனவர்களும் எலும்பும் தோலுமாக ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் செந்தூல்காரர் ஒருவர். சயாமில் என் கணவரின் ரயிலில் எஞ்சின் அடுப்பை எரிக்கும் ஃபயர்மேனாக இருந்தவர். காலில் ஆறாத புண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

கார்டு வீட்டுப் பெண்களுக்கு ஒரு விதி தெரியும். ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் கார்டு இறங்கிப் பின்பக்கமாக வெகுதூரம் நடந்து போய்ச் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். பின்னால் வரும் ரயில் மோதிவிடாமல் காப்பது அவர் வேலை. எஞ்சின் விசில் ஊதிக் கூப்பிடும்வரை அவர் இடத்தை விட்டு வரக்கூடாது. சயாம் காட்டில் எஞ்சின் நின்றபோது என் கணவரும் அப்படித்தான் இறங்கி நடந்திருக்கிறார். அங்கே யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எஞ்சினை ஓட்டியவன் ஜப்பான் சிப்பாய். நீராவி ஏறியதும் அவன் ரயிலை எடுத்துவிட்டான். கார்டு வரவில்லை என்று ஃபயர்மேன் விசில் கயிற்றைப் பிடித்தபோது கம்பியால் அவர் கையில் அடித்தான்.

“நான் எட்டிப் பாத்தேன் அண்ணி. அவரு திரும்பி எங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஓடி வந்திருந்தா பிடிச்சிருக்கலாம், வண்டி மெதுவாத்தான் போச்சு. விசில் வரும்னு நின்னுட்டாரு.”

பிறகு அதே வழியாகத் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஆளும் இல்லை, கொடியும் இல்லையாம். சுற்றிலும் காடு. பக்கத்தில் ஒரு குடிசைகூடக் கிடையாதாம்.

ஃபயர்மேன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜப்பான்காரன் மேல், துரை மேல், எல்லாரையும் விட விசிலுக்காக நின்ற அந்த மனிதர் மேல். இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

அண்ணன் காரியம் செய்துவிடலாம் என்றார். கருமாதி எந்த நாளிலிருந்து எண்ணுவது, திதி எந்தத் திதி என்று கேட்டேன். என் கணவர் செத்ததை ஒருவரும் பார்க்கவில்லை, நின்றதைத்தான் பார்த்தார்கள் என்றேன். தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண வீடுகளில் என்னை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அழைத்தாலும் கஷ்டம், அழைக்காவிட்டாலும் கஷ்டம். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய்ப் பெண்களோடு முன்னால் உட்காருவேன். மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வரும். என் முன்னால் வரும்போது தட்டு கொஞ்சம் பின்வாங்கும். நான் கையை நீட்டியபடியே இருப்பேன், கொடுக்கிறவரைக்கும்.