விழுப்புரத்துக்குப் போன ஜெர்மன் விளக்கு

பால் நிறக் கண்ணாடியில் காளான் குடை போன்ற தலை, அதற்குள் கடுகளவில் இரண்டு மூன்று காற்றுக்குமிழிகள், கீழே பித்தளைத் தண்டு. அந்த மேசை விளக்கை வைக்கோல் திணித்த பெட்டியிலிருந்து நான்தான் தூக்கி வெளியே வைத்தேன். அடியில் ஒட்டியிருந்த மங்கிய காகிதத்தில் ஜெர்மனியில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயரும் அதைச் செய்த கம்பெனியின் முத்திரையும் இருந்தன. அதேபோல இன்னும் இரண்டு விளக்குகள் வந்திருந்தன. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி என்பதால் மூன்றும் அச்சாக ஒன்றுபோல இல்லை. ஒன்றின் தலை லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது. விழுப்புரத்துக்குப் போனதும் அதுதான்.

திண்டிவனத்தில் வெளிநாட்டுப் பழைய சாமான்கள் விற்கும் கடை அக்காவுடையது. எனக்கு அவர் உறவில்லை. கடையில் எல்லோருக்குமே அவர் அக்காதான். வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் கூலிக் குடும்பத்தில் பிறந்து, ஒரு மரச்சாமான் குடோனில் பல வருடம் தூசி தட்டி, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்த பெண்ணுக்கு ஊரில் யாரும் வேலை தராதபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டார். விளக்குகளுக்கு நம் ஊர் பிளக் மாட்டிச் சோதிப்பது என் வேலை. "எரியுதான்னு மட்டும் பாக்காத. கை படற எடமெல்லாம் டெஸ்டர் வெச்சிப் பாரு" என்பார். வேறெதையும் அவர் இரண்டாம் முறை சொன்னதில்லை. இதை மட்டும் தினமும் சொல்வார்.

மூன்று விளக்குகளும் ஒரே வாரத்தில் விற்றுப்போயின. வாங்கியவர்களிடம் சொல்வதற்காக, அவை எந்தக் காலத்தவை என்று கேட்டு அந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்பச் சொன்னார் அக்கா. அனுப்பினேன். ஒரு மழைநாள் காலையில் பதில் வந்தது. எங்கள் விளக்கு இவ்வளவு தூரம் வந்து எரிவதில் மகிழ்ச்சி என்று தொடங்கியிருந்த கம்பெனிப் பெண்மணி, அடுத்த வரியிலேயே எச்சரித்திருந்தார். கண்ணாடி எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். தண்டுக்குள் போகும் பழைய வயரின் உறை காய்ந்து உதிர்ந்துவிடும், உள்வயர் பித்தளையில் படக்கூடும், வயரை முழுதாக மாற்றாமல் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.

நான் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா போனைக் கையில் எடுத்துவிட்டார். வாங்கியவர்களில் கோலியனூர்க்காரர் எடுத்தார், அனந்தபுரத்து அம்மா எடுத்தார். இருவரையும் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். விழுப்புரத்தில், ரிடையரான வாத்தியார் வீட்டில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து முறை அடித்தார்.

"ஜல்தி ஏறு," என்றார்.

வேனை அக்காவே ஓட்டினார். மயிலம் ரோடு பிரியும் இடம் தாண்டியது. பிறகு சாலையிலிருந்து கண் எடுக்காமல், "தண்டுல டெஸ்டர் வெச்சிப் பாத்த இல்ல?" என்றார்.

"பாத்தேங்க்கா."

பொய். விளக்குகளை அனுப்பிய அன்று சாமான் ஏற்ற வண்டி காத்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது, அழகாக எரிந்தது. அதையே போதும் என்று எடுத்துக்கொண்டு பெட்டியை மூடியிருந்தேன். என் பதிலைக் கேட்டதும் அக்கா மூச்சை விட்டார். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. விக்கிரவாண்டிக்கு முன்னால் டீசல் போடலாம் என்று பங்க்கில் வண்டியைத் திருப்பினார். எங்களுக்கு முன்னால் மூன்று லாரிகள். "நீ பாத்திருந்தா சரி. சும்மா பேஜாராயிட்டேன்" என்று சிரித்தார். மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிவதைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். முதல் லாரி போனது. இரண்டாவது நகர்ந்தது. வாய் திறந்தால் வேலை போகும் என்றுதான் அப்போதும் நினைத்தேன் என்பதை இன்று எழுதக் கூசுகிறது.

"அக்கா... பாக்கல."

அவர் உடனே கியரைப் போட்டார். வரிசையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். அதன்பிறகு விழுப்புரம்வரை அவர் ஓரிடத்திலும் வேகத்தைக் குறைக்கவில்லை.

வாத்தியார்தான் கதவைத் திறந்தார். மழை இருட்டுக்காக விளக்கைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் எங்கோ உள்ளறையில் கிடந்தது. கூடத்தில் அவர் மனைவி வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றிருந்தார். பக்கத்து மேசையில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அங்கயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க," என்றார் அக்கா. கத்தவில்லை. நேராகப் போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, விளக்கைக் காய்ந்த மரப்பலகைமேல் வைத்து மறுபடி இணைத்து, தண்டில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது; தண்டில் கரன்ட் இருந்தது.

"காலைலேர்ந்து எரியுதேம்மா," என்றார் வாத்தியார். "நான் வயர்ல இருக்கற சுவிட்ச மட்டுந்தான் தொட்டேன்."

அவர் மனைவி தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இப்பதான் இந்த வெளக்கத் தொடைக்கலாம்னு துணியப் புழிஞ்சிக்கினு வந்தேன்," என்றார். துணியிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "சொல்லு."

சொன்னேன். சோதிக்கவில்லை என்பதை, கேட்டபோது பொய் சொன்னதை, பங்க்கில் நின்றதை. வாத்தியார் மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் எதுவும் திட்டவில்லை. "பங்க்குல எவ்ளோ நேரம் நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து கோலியனூர் போனோம். அங்கும் அக்கா "சொல்லு" என்றார்; சொன்னேன். பிறகு அனந்தபுரம். அங்கே விளக்கை ஒருநாள்கூடப் போடவில்லை. "அழகுக்குத்தாம்மா வாங்கி வெச்சேன், அதுக்கா இந்த மழையில வந்தீங்க?" என்று அந்த அம்மா சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். அங்கும் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

விளக்குகளோடு திரும்பும்போது மாலையாகிவிட்டது. பங்க்கிலிருந்து கிளம்பியதுமுதல் "சொல்லு" என்பதைத் தவிர அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. திண்டிவனத்தில் இறங்கச் சொல்லி, இனி வராதே என்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு வெளியே ஒரு ஓட்டல் முன்னால் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல இல்ல நீ?"