கை விடுபட்டால் போதுமா

பத்தாவதோடு நின்ற நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருவன் தினமும் கையைப் பிடிக்கிறான், அதற்காகவே வந்திருக்கிறேன். பிடியை உதற வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பழகியாயிற்று. சொல்லித்தரும் பர்வீன் இந்த ஊர்க்காரி, என்னைவிடச் சின்னவள். பஸ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். ஒரே திருப்பில் விடுவித்துக்கொள்கிறேன். பெண்கள் கைதட்டுகிறார்கள். அவள் உடனே மறுபடி பிடிக்கிறாள்.

"சோக்கா கழட்டிக்கினக்கா. ஆனா நான் இங்கியேதான நிக்கிறேன்? யாருக்கும் தெரியாம கழட்டிக்கினா நாளைக்கும் வருவான். சத்தம் போடு!"

வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது.

"இன்னாக்கா இது? மல்லாட்டக் கொல்லையில காக்கா வெரட்டுற மாரி கத்துக்கா!"

பயிற்சிக்கு வந்திருக்கும் பக்கத்துச் சிங்கவரத்துப் பெண்கள், கடலைக் கொல்லையில் கத்துகிற மாதிரி அப்படியே கத்திக் காட்டுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறோம். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் பர்வீன் எனக்காக வெயிலில் நிற்கிறாள். ஒருவழியாக என் குரல் பாறையில் பட்டுத் திரும்புகிறது. கண் கலங்க நன்றி சொல்கிறேன்.

"மொதல்ல பஸ்ல கத்து, அப்புறம் தேங்க்ஸ் சொல்லு" என்கிறாள்.

மறுநாள் பஸ்ஸில் அவன் கையைப் பிடிக்கிறான். கத்துகிறேன். டிரைவர் வண்டியை நிறுத்துகிறார். கண்டக்டர் அவனை இறக்கிவிடுகிறார்.