முழங்கால் ஹார்ன்

இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அவருடைய முழங்கால் ஹார்ன் அடிக்கும். பைக்கின் கைப்பிடி உடம்பை நோக்கி வரும்; முழங்கால் ஏற்கெனவே அங்கே இருக்கும். சந்து முனையில் அந்தச் சத்தம் கேட்டதும், தையல் கடையில் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தலை நிமிராமல் சொல்வார்: "வந்தாச்சு."

ஆறடி நாலங்குலம். தெருவில் அவருக்கு ஏணி என்று பெயர். ஹெல்மெட் போட்டிருந்தாலும் கழுத்தில் அளவு நாடா தொங்கும். சட்டைப் பையில் சாக்பீஸ். கடைப் பலகையில் மூன்றே வரிகள்: பெரிதாக்கித் தரப்படும். சிறிதாக்கித் தரப்படும். புதிது தைப்பதில்லை.

வண்டி சிவப்பு. பந்தய பைக்கின் முகம், கன்றுக்குட்டியின் உயரம். வாடிக்கையாளர் ஒருவர் விற்றது. முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோது முழங்கால்கள் இரண்டும் காதுகளை நலம் விசாரிக்கப் போயின.

"ஏங்க, வண்டியில வர்றீங்களா, வண்டியை இடுப்புல கட்டிக்கிட்டு வர்றீங்களா?" என்றார் மனைவி.

பெரிய வண்டியாகப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "பெரிய உடம்புக்குப் பெரிய சட்டைன்னா அப்புறம் நான் எதுக்கு? பிரிச்சுத் தைச்சா எதுவும் சரியாகும்."

பிரித்துத் தைத்தார். வண்டியைக் கடைக்குள் நிறுத்தி, தோள், இடுப்பு, உள்கால் என்று அளவெடுத்தார். பெட்ரோல் டேங்க் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். ஸ்பாஞ்ச் அடுக்கி, சீட்டை மூன்று அங்குலம் உயர்த்தி, இரட்டைத் தையல் போட்டார். ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

"நனைச்சுப் பார்க்காம வெட்டிட்டேன்" என்றார். புதுத் துணியை நனைத்து, சுருங்கிய பிறகு வெட்டாதவனை அவர் தையல்காரனாகவே மதிப்பதில்லை. பிறகு மறுபடி பிரித்து, இன்னும் நாலு அங்குலம் உயர்த்தினார். இந்த முறை சீட் உறையின் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்தார், பின்னால் வளர்ந்தால் தேவைப்படும் என்று. அவருக்கு வயது நாற்பத்தாறு.

லைசென்ஸுக்கு எட்டுப் போட வேண்டும். எட்டில் பாதி இடது பக்கம். முதல் தடவை அந்தப் பாதி முழுக்க ஹார்ன் அலறியது.

"ஹார்ன்லேர்ந்து கையை எடுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கை இல்ல சார், முழங்கால்."

இரண்டாவது தடவை முழங்காலை வெளியே விரித்துக்கொண்டு போனார். அது மைதானத்து ஓரத்தில் நட்டிருந்த கொடியைச் சாய்த்தது. "வேற வண்டியில வா" என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பழகுநர் லைசென்ஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மூன்றாவது தடவைதான் கடைசி.

"உங்க மச்சான்கிட்ட ஸ்கூட்டர் சும்மா நிக்குது. அதுல போட்டுட்டு வாங்க" என்றார் மனைவி.

"அளவு சரியில்லைன்னு நானே வேற வண்டியில போனா, நம்மகிட்ட எவன் பேண்ட் கொடுப்பான்?"

"சரி. வெள்ளிக்கிழமையும் போச்சுன்னா வண்டியை வித்துடணும். பலகையையும் நீங்களே கழட்டிடுங்க. உங்களுக்குத்தான் ஏணி வேண்டாம்."

அன்றே வெல்டரிடம் போனார். கைப்பிடியை உயர்த்த வேண்டும். கால் வைக்கும் கம்பிகளைப் பின்னால் தள்ளிக் கீழே இறக்க வேண்டும்.

"அண்ணே, இதை நீட்டறதைவிட உங்களை ஒரு அடி வெட்டிடலாம். ஒரே வெட்டு."

"வெட்டக் கூடாதுடா. உள்ள மடிச்சுத்தான் தைக்கணும். என்னை எங்க மடிப்பே?"

வெல்டர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அதே வண்டியில் போட்ட எட்டு சத்தமில்லாமல் முடிந்தது. கால் ஊன்றவில்லை, கொடி சாயவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அந்த அமைதிதான் பிடிக்கவில்லை. குட்டையான மனிதர், அவருடைய பேண்ட் இரண்டு அங்குலம் தரையைப் பெருக்கும்.

"ஹார்னைக் கழட்டிட்டியா?"

"இல்ல சார்."

"வண்டியைப் புடி. நானே பார்க்கறேன்."

ஏணி வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கம்பியில் கால் வைத்து, எம்பி, ஏறி உட்கார்ந்து ஹார்னை அழுத்தினார். நன்றாகவே அலறியது. இறங்கக் காலை நீட்டினார். இந்தப் பக்கம் தரை இல்லை. அந்தப் பக்கமும் இல்லை.

"விட்டுடாதய்யா."

"விட மாட்டேன் சார். அளவு எனக்குத் தைச்சது."

இன்ஸ்பெக்டர் மேலே இருந்தபடியே காகிதத்தை டேங்க்கின் மேல் வைத்து, பேனாவை உதறிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஏணி ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடியே குனிந்தார். அந்த நீளக் கைக்கு எட்டாதது இல்லை. இன்னொரு கையால் சாக்பீஸை எடுத்து, காற்றில் தொங்கிக்கொண்டிருந்த பேண்டின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு கோடு போட்டார்.