அண்ணையின் கையும் ஐந்நூறு மாக்னமும்

சனிக்கிழமைகளில் என் முதலாளி கோப்பிக் குவளையைக் கையால் தூக்குவதில்லை. வீதியோரத்துக் கோப்பி பாரில் நின்றபடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, முதல் வாயை அப்படியே உறிஞ்சிக் குடிப்பார். அதற்கு முன் தூக்கினால் கை நடுங்கிச் சட்டையில் ஊற்றுப்பட்டுவிடும். கோப்பியை ஒரு மடக்கில் ஸ்டைலாகக் குடித்துவிட்டுப் போகிற இந்தச் சிசிலி ஊரில் அது சின்ன வெட்கமில்லை. கோப்பி போடுகிறவன் பார்க்காத மாதிரி நிற்பான். நானும் பார்க்காத மாதிரி நிற்பேன். பாதிச் சம்பளம் எனக்கு அதற்குத்தான் என்று சில வேளைகளில் தோன்றும்.

அவரை எல்லோரும் தொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் அழைப்பார்கள். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். மனைவி இறந்துவிட்டார், மகள் வடக்கே தோரினோவில். பத்து வருடத்துக்கு மேலாக அவருடைய வீட்டைக் கூட்டித் துடைத்து, உடுப்பு ஸ்திரிக்கை போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து வருகிறேன். ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு ரிவோல்வர் வாங்கினார். ஐந்நூறு மாக்னம் என்று பெயர். ஊரில் இருக்கிற உங்களுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? இரண்டு கிலோ அரிசியை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துப் பாருங்கள், பாரம் விளங்கும். தோட்டா ஒவ்வொன்றும் சுண்டுவிரல் மொத்தம். ஐந்துதான் போடலாம். ஒரு தோட்டா நாலு யூரோவுக்குக் கிட்ட. ஐந்தையும் சுட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, பிறகு அன்று முழுக்கக் கையெழுத்து வைக்க முடியாது. நகரத்துப் பொலிகோனோவில், அதுதான் சுடும் பயிற்சிக்கூடம், சுவர் தாங்காது என்று அதை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே மலைப்பக்கம் ஒன்றேகால் மணித்தியாலம் ஓடி, பழைய கற்குழி ஒன்றுக்குப் போகவேண்டும். போகும்போது அவர் ஓட்டலாம், வரும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை இருக்காது. அப்படித்தான் நான் சாரதியும் ஆனேன்.

அமெரிக்காவில் கரடிக்கு எதிரே வைத்துக்கொள்ளச் செய்த சாமானாம். சிசிலியில் கரடி இல்லை. இருக்கிற காட்டுப்பன்றிக்கு ரைபிள் போதும். எதற்கு இது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். தொத்தோரே கையைத் தேய்த்துக்கொண்டே, "நாற்பது வருடம் மற்றவர்களின் வாய்க்குள் மெதுவாக, மெதுவாக வேலை செய்தேன், சிவா" என்றார். காசு கொடுத்துக் கையை நோகப்பண்ணுகிற மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அந்தக் கிழமையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணை போன் எடுத்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம். கன்னிகாதானத்தில் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்கவேண்டியவர் தகப்பன். அண்ணையின் வலது கை தோளுக்கு மேலே மட்டுமில்லை, நெஞ்சளவுக்கும் எழும்பாது. வேறு ஆரையாவது வைத்துச் செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். அண்ணை கேட்கவில்லை.

"என்ரை பிள்ளையை நான்தான் குடுப்பன்," என்றார் போனில். "நீ வந்து கீழாலை என்ரை கையைத் தாங்கிப் பிடி. வேறை ஒருத்தரும் பிடிக்க வேண்டாம்."

"ஓம் அண்ணை, வாறன்," என்றேன்.

அந்தக் கை அப்படியான கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அண்ணை வெங்காயச் செய்கைக்காரர். மூட்டையைத் தானே தோளில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோவார், அதனால் வலது தோளில் காய்ப்பு. சண்டைக் காலத்தில் ஒரு ஆமிச் சோதனைச் சாவடியில் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். துவக்குப் பிடித்த தழும்பு என்றார்கள். "வெங்காயம்" என்று அண்ணை சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். பிடித்துக்கொண்டுபோய், ஒரு வருடத்துக்குக் கிட்டக் கழித்து விட்டபோது, கட்டித் தூக்கிய கையில் நரம்பு செத்திருந்தது. அண்ணை துவக்கைத் தொட்டதே இல்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவேண்டும். வருவதில்லை. கனகாலமாக வருவதில்லை.

அண்ணை பேசிய அடுத்த சனிக்கிழமை கற்குழியில் தொத்தோரே மூன்று வெடி வைத்தார். நாலாவதுக்கு மணிக்கட்டு விட்டுவிட்டது. "பிடி" என்று என் பக்கம் நீட்டினார். பெரியவர்கள் எதைத் தந்தாலும், கோயில் விபூதியோ மாதச் சம்பளமோ, இரண்டு கையாலும் கொஞ்சம் குனிந்து வாங்குவதுதான் என் பழக்கம். அதையும் அப்படித்தான் வாங்கினேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"பார், இரண்டு கை! உனக்குப் பழக்கம் இருக்கிறது!"

"இல்லை தொத்தோரே, நான் ஒருநாளும் தொட்டதில்லை."

அவர் கண்ணைச் சிமிட்டினார். "சரி, சரி. நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்."

தமிழன் என்றால் போரிலிருந்து வந்தவன், போரிலிருந்து வந்தவன் என்றால் சுட்டவன். இங்கையும் அதே கணக்கு. ஆனால் இவர் அதை ஒரு மெச்சலாகச் சொன்னார். இல்லை என்று இன்னொரு தரம் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாத வெளிநாட்டுக்காரன் அதால் சுட்டதாகத் தெரிந்தால் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான விசா, என்னாகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கற்சுவரை நோக்கி நீட்டினேன். அண்ணையிடம் இருந்ததாக அன்று சாவடியில் சொன்னது என்ன என்று ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் என்னிடம் இல்லை.

சத்தம் காதால் வரவில்லை, நெஞ்சால் வந்தது. ரிவோல்வர் என் நெற்றி வரைக்கும் எழும்பி நின்றது. எதிர்ச் சுவரிலிருந்து வெள்ளைத் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. பயமோ சந்தோசமோ வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் வரவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோல் கிழிந்து இரத்தம் ஓடுவதைத் தொத்தோரேதான் முதலில் கண்டார். பல் வைத்தியரின் விரலால் அழகாகக் கட்டுப் போட்டுவிட்டு, பத்து முறை மன்னிப்புக் கேட்டார். அன்று பாரில் இரண்டு பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து கோப்பி குடித்தோம்.

சீசா என்கிற நகரப் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த வசந்தி, என் மனைவி, கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். கன்றிக் கறுத்திருந்தது. பெருவிரலில் ஊசி குத்தினாலும் தெரியாது போல ஒரு விறைப்பு.

"உங்களுக்கு என்ன, விசரே? உந்தக் கையாலையோ உங்கடை அண்ணையின்ரை கையைப் பிடிக்கப்போறியள்?"

அவிழ்த்த கட்டை மற்றக் கையால் நான் திரும்பச் சுற்றினேன்.

"கார்க் கதவிலை நசிஞ்சது எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மஞ்சள் அரைக்கப் போனாள்.

வியாழக்கிழமை பறந்தேன். இரண்டு இடம் மாறி, கட்டுநாயக்காவில் இறங்கி வரிசையில் நிற்கும்போது, கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். சண்டை முடிந்து எத்தனை வருடம், இப்போது ஆர் கை பார்க்கப்போகிறார்கள்? எனக்கும் தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. கடவுச்சீட்டை அந்தக் கையாலேயே நீட்டினேன். இளம் பெடியன் ஒருவன், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தித் தந்தான். அண்ணையிடம் இல்லாததைக் கண்டுபிடித்தார்கள், என்னிடம் இருந்ததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கனகாலத்துக்குப் பிறகு வந்த கோபம், ஆரிடம் காட்டுவது என்று தெரியாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணை கதிரையில் இருந்து வேலை ஏவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடது கையால் என் வலது கையைப் பிடித்தவர், விடாமல் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"கார்க் கதவிலை நசிஞ்சது அண்ணை."

"கதவு நசிச்சால் நகமெல்லே கறுக்கும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "உள்ளுக்கை வைச்சிருக்கேக்கை எனக்குச் சொல்லித் தந்தவங்கள், எது எப்பிடி இருக்கும் எண்டு. ஆரடா சுடச் சொன்னது?"

"முதலாளி. சும்மா, விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கோ?"

பந்தல்காரர் தடியை இறக்குகிற சத்தம் கேட்டது. அண்ணை என் கையை இன்னும் விடவில்லை.

"ஒரு வெடி என்ன விலை?"

"நாலு யூரோ வரும்."

"எங்கடை காசுக்கு?"

"ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு."

"அரைநாள் கூலி," என்றார். பிறகு கையை விட்டுவிட்டு, உள்ளே பார்த்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

கலியாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் அவர் என்னோடு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் கதைக்கவில்லை. அண்ணியின் தம்பி வெள்ளை வேட்டியும் திருநீறுமாக எந்த நேரமும் அவருக்குப் பக்கத்திலேயே நின்றான். தாங்கிப் பிடிக்க அவனுக்கும் இரண்டு நல்ல கை இருந்தது. அவனைப் பிடிக்கச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொன்னால் நியாயம் என்றும் நினைத்தேன். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

மணவறையில் ஐயர், "பொம்பிளையின்ரை தகப்பன் கையைக் குடுங்கோ" என்றார். அண்ணை மச்சானைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்ணால் கூப்பிட்டார். கிட்டப் போனதும் தன் வலது கையை இடது கையால் தூக்கி, ஒரு பொருளை வைப்பதுபோல என் உள்ளங்கையில் வைத்தார். கற்குழியில் வாங்கிய காயத்துக்கு நேர் மேலே அது இருந்தது. நான் நினைத்ததைவிடப் பாரம். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இறுக்கிப் பிடி. உனக்குத்தானே இப்ப பழக்கம்."

மேளம் உச்சத்துக்கு ஏறியது. ஐயர் மகளின் கையை எடுத்து அண்ணையின் கைக்கு மேல் வைக்க, அண்ணி செம்பைச் சரித்தாள். தண்ணீர் மகளின் கையில் விழுந்து, அண்ணையின் விரல்களில் இறங்கி, என் பெருவிரல் இடுக்கால் ஓடி நிலத்தில் சொட்டியது. "குளிருது அப்பா," என்றாள் மகள். அண்ணையின் கைக்கு அந்தக் குளிர் தெரிந்திருக்காது. விறைத்த என் விரலுக்கும் தெரியவில்லை. மற்றக் கையையும் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.