சேரிச் சண்டையும் மறியற்சாலைப் பொல்லும்

போன கிழமை பட்டணத்துக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கொம்பைக் கண்டு சிரித்துவிட்டேன். வளைந்த விடத்தல் மரத்துண்டுதான். பக்கத்தில் நின்ற பிள்ளை, கிழவிக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள். எனக்கோ கண்ணாடியைத் தாண்டி எங்கள் வீட்டுப் புளியாண ரசம் மணத்தது.

கொம்பு விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்துகொள்ளும். இரண்டு சேரியின் வளைந்த கொம்புகளையும் ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கத்தை மற்றவர்கள் பாட்டாலேயே கிழிப்பார்கள். சேரி தகப்பன் வழியில் வருவது. அப்பா வடசேரி, ஆகவே நானும் வடசேரி. அம்மா மட்டும் தென்சேரி. கொம்புக் காலம் முழுக்க அப்பாவின் புளியாணத்தில் புளி தூக்கலாக இருக்கும்.

“உன்ட அண்ணன் கயித்தப் புடிச்சா கொம்புக்கே கொட்டாவி வரும்,” என்பார் அப்பா.

“புளியாணத்தக் குடிங்க,” என்பாள் அம்மா.

அந்த அண்ணன்தான் என் கந்தப்ப மாமா. உத்தரவில்லாமல் காட்டில் கொம்பு தறித்ததாக மாமா மீதும், வடசேரிக்காகத் தறித்த என் சித்தப்பா மீதும் வழக்கு வந்தது. கொம்பு முறிந்து, கண்ணகி அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தியும் பாடி ஊர் அடங்கிய பிறகு வந்த வழக்கு. அம்மனின் கொம்புக்குத் தண்டம் கட்டுவதா என்று இருவரும் வீராப்பாக மறியலுக்கு, சிறைக்குத்தான், போனார்கள். வாழ்நாளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மறியற்சாலையில் புழுத்த சோற்றைப் போட்டார்களாம். தட்டுகள் பறந்து, பெரிய கலகமாகிவிட்டது. கலகம் அடங்கியபோது மாமா உயிரோடு இல்லை. சேரிச் சண்டையில் சித்தப்பாதான் அவரைப் பொல்லுத் தடியால் அடித்துக் கொன்றார் என்று மறியற்சாலைக்காரர் சொல்லியனுப்பினார்கள்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா அழுது ஓய்ந்து, அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். வீடு இன்றோடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன்.

“உங்கட தம்பி கை வெச்சிருப்பாரா?”

“குளிர்த்தி பாடியாச்சி கா. மறுகா அவன் கை வைப்பானா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எங்கள் ஊரில் குளிர்த்தி பாடிவிட்டால் அடுத்த கொம்பு வரைக்கும் சேரிப் பகை கிடையாது. சேரி சொல்லித் திட்டக்கூட நா எழாது. பொய்யைக் கட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள், பாவம், அது தெரியாமல் கட்டிவிட்டார்கள்.

விசாரணைக்கு அப்பாவும் அம்மாவும் ஒரே கரத்தை வண்டியில் போனார்கள். நானும் அழுது அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். அம்மா விசாரித்த வெள்ளைக்காரத் துரைக்குக் குளிர்த்தியைப் பற்றிச் சொன்னாள். துவிபாஷி அதை இங்கிலீசில் சொல்லி முடிப்பதற்குள் துரை மூக்குக்கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டார். பிறகு அம்மா கேட்டாள்.

“மறியல்ல கிடந்த மனிசனுக்குப் பொல்லு எங்கால வந்த? அத முதல்ல சொல்லுங்க.”

சுவரோரம் நின்ற மறியற்சாலைக் காவலர்கள் தங்கள் பொல்லுகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

சித்தப்பாவைக் கொலைப் பழியிலிருந்து விட்டார்கள். மாமாவை அடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. பட்டணம் போகும்போதெல்லாம் அம்மா அரசாங்கக் கச்சேரிப் படியேறி அதே கேள்வியைக் கேட்டாள். அப்பா குடையோடு வாசலில் காத்து நின்றார். அடுத்த கொம்புக்கு அவர் வடசேரிக் கயிற்றை விட்டு, மாமாவின் இடத்தில் நின்று தென்சேரிக்கு இழுத்தார். படுதோல்வி. அன்று அம்மா புளியாணத்தில் புளியைக் குறைத்துவிட்டாள்.

எல்லாரும் போய்விட்டார்கள். என்ன சேரி என்று கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் விழிப்பார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில், சேரிச் சண்டையில் மறியற்சாலைக்குள்ளேயே ஓர் உயிர் போனதாக எழுதியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“பொல்லு எங்கால வந்த, மகள்?” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

“பொல்லில்ல ஆச்சி, இது கொம்பு,” என்றாள் அவள், மிகவும் பொறுமையாக.