மணம் பார்க்கும் வேலை

குணமணிக்கு மூக்கு செத்துப்போனது ஆனி மாதக் காய்ச்சலில். ஐந்து நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆறாம் நாள் எழுந்து, மகள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். வெறும் சுடுதண்ணி மாதிரி இருந்தது. தூள் போட மறந்துவிட்டாய் என்று மகளைத் திட்டினாள்.

"கன்னங்கரேல்னு இருக்கும்மா. இதுக்கு மேல என்னத்தப் போடுறது?" என்றாள் மகள்.

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, பொறுத்துப் பாருங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் போகிறது என்று விட்டிருப்பார்கள். குணமணிக்குச் சம்பளமே மூக்குக்குத்தான்.

கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினேழு வருஷம் கொழுந்தெடுத்தவள் அவள். முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போனதும், பண்டாரவளையில் ஜுனைதீன் முதலாளியின் சலவைத்தூள் பட்டறையில் பொதி கட்டச் சேர்ந்தாள். முதலாளி அப்போது ஒரு புது வேலையில் இறங்கியிருந்தார். துணியில் மணம் நிற்க வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்களுக்குள் வாசனை எண்ணெயை அடைத்துத் தூளோடு கலப்பார்கள். துணி உரசும்போது குமிழ் உடைந்து மணக்கும். வெளியில் வாங்கிய குமிழ்களின் ஓடு ஒருவகைப் பிளாஸ்டிக். துவைத்த தண்ணீரோடு ஓடைக்குப் போய் மக்காமல் அங்கேயே கிடக்கும். அந்த ஓடு இல்லாத தூள் தந்தால் மாதாமாதம் எடுப்பதாக எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்று சொல்லியிருந்தது.

வழி சொல்லிக்கொடுத்தவர் பதுளையில் இரசாயனம் படிப்பிக்கும் விஜிதா மிஸ். கடலையிலிருந்து பிரித்த புரதத்தையும் மரப்பிசினையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். யூக்கலிப்டஸ் எண்ணெயை ஊற்றி வேகமாக அடித்து, சொட்டுச் சொட்டாக வினாகிரி விட வேண்டும். பால் போல வெளுத்து வரும்போது ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி ஓடு பிடித்திருக்கும். அதைக் கேஸில் எரியும் சூட்டுப்பெட்டியில் காயவைத்தால் பொடி.

ஓடு சரியா என்று சொல்வது மூக்கு. துவைத்துக் காய்ந்த துணியை முதலில் சும்மா மோந்து பார்ப்பார்கள். மணக்கக் கூடாது. மணம் வந்தால், ஓடு ஒழுகுகிறது என்று அர்த்தம். பிறகு கசக்கி மோந்து பார்ப்பார்கள். அப்போது மணக்க வேண்டும். ஒருநாள் பொதி கட்டிக்கொண்டிருந்த குணமணி தூரத்தில் இருந்தபடியே, "அந்தத் துணி ஒழுகுது மிஸ்" என்றாள். விஜிதா மிஸ் எடுத்துப் பார்த்தார். ஒழுகத்தான் செய்தது. அன்றிலிருந்து மணம் பார்க்கும் வேலை குணமணிக்கு. நாலு வருஷமாக அவள் சரியென்று சொல்லாமல் ஒரு பொதியும் வெளியே போகவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகும் அவள் துணியை மூக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. வெலிமடையிலிருந்து வந்து கலவை அடிக்கும் ஸஹ்ராவிடம் துணியை நீட்டினாள்.

"எனக்குச் சளி. நீயும் ஒருக்காப் பாரேன்."

ஸஹ்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அதற்கேற்றபடி பதில் சொன்னாள். மறுநாளும் சளி. அடுத்த வாரமும் சளி. ஸஹ்ரா வராத மூன்று நாட்களில் குத்துமதிப்பாகவே சரியென்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டிலும் பயம்தான். காலையில் பழஞ்சோற்றுச் சட்டியைத் திறந்தால் புளித்ததா கெட்டதா என்று தெரியாது. மகளைக் கூப்பிட்டு மோக்கச் சொல்லுவாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பினால், நான்தான் நாறுகிறேனோ என்று ஒடுங்குவாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. வெலிமடை ரோட்டில் மண் சரிந்து பஸ் பிந்தியதால் ஸஹ்ரா வந்திருக்கவில்லை. குணமணிதான் பட்டறையைத் திறந்தாள். ஈரக்காற்றுப் பட்டால் பொடி கட்டிபட்டுப் போகும் என்று யன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். சூட்டுப்பெட்டியைப் பற்றவைக்கக் குனிந்து உட்கார்ந்தாள். நெருப்புப் பெட்டி நமுத்திருந்தது. முதல் குச்சியின் மருந்து உதிர்ந்து விழுந்தது. இரண்டாவது குச்சியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"அக்கா! கொளுத்தாதீங்க!"

வாசலில் ஸஹ்ரா. குடை கையிலிருந்து விழுந்துவிட்டது.

"கேஸ் மணக்குது அக்கா! ரோட்டுக்கே மணக்குது! குச்சியப் போட்டுட்டு வாங்க!"

குணமணியால் எழும்ப முடியவில்லை. தேய்ந்த முழங்கால் பிடித்துக்கொண்டது. ஸஹ்ரா மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, சிலிண்டரை மூடி, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருவரும் மழையில் நின்றார்கள். குணமணியின் உள்ளங்கையில் இன்னும் அந்தக் குச்சி இருந்தது.

"அவ்வளவு நாத்தம் அக்கா. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

குணமணி குச்சியை ஓடும் மழைத்தண்ணீரில் போட்டாள். ஸஹ்ரா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப... சளி இல்ல."

"இல்ல."

"நான் யாருக்கும் சொல்லமாட்டன் அக்கா."

"நீ சொல்லாட்டி, நாளைக்கும் நான்தானே கதவத் தெறப்பேன்" என்றாள் குணமணி.

பட்டறைக்கு மேல்மாடியில்தான் ஜுனைதீன் குடும்பத்தோடு இருந்தார். இறங்கி வந்து கேஸ் குழாயைத் தூக்கிப் பார்த்தார். எலி கடித்திருந்தது, கடி புதிது. சனிக்கிழமை யாரும் சிலிண்டரை மூடவுமில்லை. நனைந்த சேலையோடு நின்றபடியே குணமணி எல்லாவற்றையும் சொன்னாள்: காய்ச்சல், சளி என்று சொன்ன பொய், குத்துமதிப்பாக அனுப்பிய மூன்று தடவைச் சரக்கு. அவர் கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்தார்.

"மேல என்ட புள்ளைகள் தூங்கிட்டிருந்தாங்க குணமணி" என்றார். "நீங்க இப்ப வீட்டுக்குப் போங்க."

வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். தோட்டத்து லயத்து வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள். அடுப்புப் பக்கம் போகவில்லை, மகள்தான் பற்றவைத்தாள். கண்ணை மூடினால் குச்சி உரசும் சத்தம் கேட்டது. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

பத்தாம் நாள் அடித்த போனில் விஜிதா மிஸ்.

"அந்த மூண்டு தடவைச் சரக்கிலும் எடுத்துவச்ச மாதிரியைச் சோதிச்சம். ரெண்டு நல்லம். ஒண்டு ஒழுகியிருக்கு. ஹோட்டலுக்குச் சொல்லி மாத்திக் குடுத்தாச்சு. ஏன் முதலே சொல்லேல்லை?"

"பயந்துட்டேன் மிஸ்."

"ஒரு ஆளின்ர மூக்கை மட்டும் நம்பி இவ்வளவு காலம் இருந்தது என்ர பிழையும்தான். சனிக்கிழமை வாங்கோ. கண் நல்லாத் தெரியும்தானே?"

சனிக்கிழமை போனபோது மேசையில், சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. சுவரில் கேஸ் கசிந்தால் அலறும் பெட்டி ஒன்று புதிதாக மாட்டப்பட்டிருந்தது. ஜுனைதீன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். மணம் பார்ப்பது இனி ஸஹ்ரா. குணமணி தனியாகக் கதவு திறக்கக் கூடாது. நெருப்புப் பெட்டியைத் தொடக் கூடாது.

"சரிங்க முதலாளி" என்றாள்.

நுணுக்குக்காட்டியில் குமிழ்கள் ஜவ்வரிசி போலத் தெரிந்தன. நூறு எண்ணி, அதில் உடைந்தது எத்தனை, ஓடு மெலிந்தது எத்தனை என்று எழுத வேண்டும். முதல் வாரம் கண் எரிந்தது. இரண்டாம் மாதம் ஒரு தட்டுப் பொடியில் பாதிக் குமிழ்களின் ஓரம் நைந்திருப்பதைக் கண்டாள். ஸஹ்ரா துணியை மோந்து பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். குணமணி திரும்பவும் எண்ணிப் பார்த்தாள். ஏற்கெனவே ஒருமுறை பொய் சொன்னவள் பேச்சை யார் எடுப்பார்கள்? ஆனாலும், "இது வேணாம் முதலாளி, ஒழுகிரும்" என்றாள்.

ஜுனைதீன் அந்தத் தட்டை ஒதுக்கிவைத்தார். நாலாம் நாள், அந்தப் பொடி போட்டுத் துவைத்த துணி கசக்காமலே மணப்பதாக ஸஹ்ரா சொன்னாள்.

குணமணி இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். மூக்கு திரும்பவில்லை. சூட்டுப்பெட்டியை யாராவது பற்றவைக்கும்போது மட்டும், செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள்.