கன்னட எழுத்தில் வந்த சீட்டு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்காலத்தில், லிங்கராஜபுரத்தில் நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் நடந்தது இது.

எங்கள் சபையில் வாய்விட்டு ஜெபிப்பவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்வதோடு சரி. புதிதாக வந்த போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரவர் தேவையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு சீட்டு எடுத்து, யாரென்று தெரியாத அந்த ஒருவருக்காக எழுந்து நின்று ஜெபிக்க வேண்டும். அதுவரை பெட்டி போதகரின் அறையில் இருக்கும்.

அதுதான் எனக்கு உறுத்தியது. நான் செய்தித்தாளில் பிழை திருத்துபவன். கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். போதகருக்கு அது முடியாதா?

“எல்லார் வீட்டு ரகசியமும் ஒரே டப்பாலயா? நடத்துங்க, நடத்துங்க” என்று பக்கத்தில் இருந்தவரும் முணுமுணுத்தார்.

பொறி வைத்தேன். ‘கண் பார்வை மங்கி வருகிறது. ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும்’ என்று எழுதிப் போட்டேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. போதகர் வந்து என் கண்ணைப் பற்றி விசாரிப்பது போல, பெட்டி திறக்கப்பட்டதற்கு ஓர் அடையாளம் கிடைத்தால் போதும், சபைக் கமிட்டியிடம் கொடுக்கப் புகார்க் கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது. அது போனால் இந்தத் திட்டம் நிற்கும். போதகருக்கு மாற்றல்கூட வரலாம்.

அடுத்த ஞாயிறு எனக்கு முன் வரிசையில், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண் எழுந்தார். அதுவரை அவர் குரலை யாரும் கேட்டதில்லை. அவர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன். என் வாக்கியம்தான். ஆனால் தமிழ் வார்த்தைகள் கன்னட எழுத்தில் இருந்தன; அந்த எழுத்து எனக்கும் படிக்க வரும். அகப்பட்டார் போதகர் என்று நினைத்தேன்.

“யேசப்பா, எனக்கு சரியா பேச வராது. யாருக்கோ கண்ணு மங்குதாம். வேலை போயிடும்னு பயப்படறாங்க. அந்த பயம் எனக்குத் தெரியும்பா. அவங்கள விட்டுடாத. அஷ்டே.”

அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்ல மறந்திருந்தார். சபை முழுவதும் அதைச் சொன்னது.

ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். “இந்தச் சீட்ட யாரும்மா எழுதினது?”

“பாஸ்டர்தாண்ணா. நான் கன்னட மீடியம். தமிழ் பேசுவேன், படிக்க வராது. என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னு கொஞ்சம் சீட்ட அவரே பார்த்து கன்னட எழுத்துல எழுதி வெக்கறாரு. போன வாரமே சொன்னாரே, நீங்க கேக்கலயா?”

சொல்லியிருந்தார். நான் அப்போது பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாவம், யாரோ. சரியாயிடும் இல்லண்ணா? நான் தெனமும் ஆண்டவர்கிட்ட கேக்கப் போறேன்” என்றார்.

“ஆயிடும்மா” என்றேன்.

கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். உண்மையை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மறுபடி சபையில் எழுந்து நிற்காமல் போய்விடுவாரோ என்று பயம். ஒருவரைச் சிக்கவைக்க நான் எழுதிய பொய்யை இன்னொருவர் முழு மனதோடு சுமக்கிறார். அதை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் நான் இன்றும் ஜெபிக்க உட்காருகிறேன்.